பத்தடிக் கூரை

எடை அளவு முத்திரை அலுவலகத்தின் கூரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு ஓரங்குலம் இறங்கியது. கடைக்காரர்களின் தராசுகளையும் அளவு டேப்புகளையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்திக் கொடுப்பது அங்கே வேலை. முந்தின வாரம் நாற்பது தராசுகளைச் சோதிக்காமலேயே முத்திரை குத்தி அனுப்பியவர் தலைமை அதிகாரிதான். மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் அவர் எழுந்து, அந்த வாரம் முழுக்க விடுப்பில் இருந்த தபால் குமாஸ்தாவைக் கைகாட்டினார். குமாஸ்தா தலையை ஆட்டினார். மின்விசிறி லேசாக ஆடியது, சுவரோரம் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, கூரை இறங்கிவிட்டது. பெருக்குகிறவர் வந்து சுண்ணாம்பை அள்ளிக்கொண்டு போனார்.

அந்த அதிகாரிக்கு நல்லவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். “நான் நல்லவனா இருக்கறதால சொல்றேன்” என்று தொடங்காமல் அவர் யாரையும் திட்டியதில்லை. தன் தப்பை அவர் அடுத்தவர் தலையில் கட்டிய ஒவ்வொரு முறையும் கூரை சரியாக ஓரங்குலம் இறங்கியது. அவருடைய அறையின் கூரை மட்டும் பழையபடி பத்தடியில் நின்றது. இரண்டாம் வருடம் மின்விசிறிகளைக் கழற்றினார்கள். நான்காம் வருடம் அலமாரிகளின் தலையை ரம்பத்தால் அறுத்தார்கள். உயரமானவர்கள் முதலில் குனிந்தார்கள். “உங்கள யாரு இவ்வளவு வளரச் சொன்னது?” என்று குள்ளமானவர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களுக்கும் முறை வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த அங்குலம் தன் பெயரில்தான் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தராசுகளைச் சோதித்தவளைத் தராசு என்றும், டேப்புகளைச் சோதித்தவளை டேப் அக்கா என்றும் அங்கே கூப்பிட்டார்கள். இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். ஒரே டப்பாவில் மதியம் சாப்பிட்டார்கள். தராசுக்குப் பிரசவம் ஆன அன்று கணவர் பாதி வழியில் மாட்டிக்கொள்ள, குழந்தையை முதலில் கையில் வாங்கியவள் அக்காதான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கூரையை அளந்தார்கள். அக்கா டேப்பைப் பிடிப்பாள், தராசு ஒரு நோட்டில் எழுதுவாள். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிற அலுவலகத்தில் தன் தலைக்கு மேல் இருப்பதை அளந்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

தராசின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். “எறங்கினது எதுவா இருந்தாலும் ஏத்திடலாம். மோட்டார் எங்கன்னு மட்டும் சொல்லு” என்று கேலி செய்வார். ஆனால் தினமும் சாயங்காலம் மனைவியைத் தரையில் குப்புறப் படுக்கவைத்து அரைமணி நேரம் முதுகை நீவிவிடுவார். அதனால்தான் அவள் முதுகு கடைசிவரை நிமிர்ந்தே இருந்தது. மற்றவர்கள் அலுவலகத்தில் குனிந்தபடியே பேருந்திலும் குனிந்தார்கள், வீட்டிலும் குனிந்தார்கள். தபால் குமாஸ்தா ஓய்வு பெற்ற பிறகும் அவர் கழுத்து நிமிரவில்லை. பார்க்க வந்த உறவுக்காரர்கள் அவர் எதையோ தொலைத்துவிட்டதாக நினைத்து, தாங்களும் கூடச் சேர்ந்து தேடினார்கள்.

அதைக் கேள்விப்பட்ட அன்று தராசுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆறு வருடக் கணக்கையும் நோட்டிலிருந்து பிரதி எடுத்து மேலிடத்துக்குப் புகார் எழுதினாள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து டேப் அக்காவுடையது. “பயப்படாதடி, நான் இருக்கேன்ல” என்றாள்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நல்லவரின் அறையில் நிமிர்ந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, கூடத்துக்குள் குனிந்து வந்தார்கள். அக்கா ஒரு புது டேப்பை எடுத்தாள். அதில் ஓரடி என்று போட்டிருந்த இடத்தில் அரையடிதான் இருந்தது. ஆனால் முனையில் அலுவலக முத்திரை இருந்தது, டேப்புக்கு முத்திரை குத்தும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான் உண்டு. ஐந்தடியில் நின்ற கூரை அந்த டேப்பில் பத்தடி காட்டியது. பழைய டேப் எங்கே என்று தராசு கேட்டாள். “அது தொலஞ்சு போச்சு” என்றாள் அக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல். மீதிப் பத்துப் பேரும் குனிந்தபடியே, பத்தடிதான் சார் என்றார்கள். அப்படியானால் இந்தப் புகார் எதற்கு என்று மூவரில் மூத்தவர் கேட்க, அக்காதான் பதில் சொன்னாள்.

“கூரை இருந்த எடத்துலதான் சார் இருக்கு. இவதான் வளந்துட்டா.”

நல்லவர் வாய் திறக்காமலேயே கூரை அன்று முதல்முறையாக ஓரங்குலம் இறங்கியது.

தராசை முற்றத்தில் நிறுத்தி அதே டேப்பால் அளந்தார்கள். பத்தடி எட்டங்குலம் வந்தது. வேலையில் சேர்ந்தபோது கொடுத்த உயரத்தைவிட முன் அனுமதியின்றி இருமடங்கு வளர்ந்த குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டியபோது பதினோரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களால் வேறு எங்கும் பார்க்கவும் முடியாது. ஆனால் அக்கா நினைத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத் தராசு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுதான் போனாள்.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். அந்த டேப்பையே அலுவலகத்தின் மூல அளவாக வைத்தார்கள், ஊரின் டேப்புகளெல்லாம் அதைப் பார்த்து முத்திரை வாங்கின. கடையில் வாங்கிய துணி பாதியாகிவிட்டது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள், சொந்த வீடு காகிதத்தில் இருமடங்கானதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த மேற்பார்வையாளர் பதவியை நல்லவர் தன் மச்சினனுக்குக் கொடுத்தார். தராசு மார்க்கெட் பக்கம் தராசு பழுதுபார்க்கும் கடை போட்டாள். மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். அலுவலகத்தில் புதிதாகச் சேர வருகிறவர்களைத் தவழ்ந்து காட்டச் சொல்கிறார்கள் என்று செய்தி வந்தது. நல்லவர்தான் பழைய டேப்பைப் பிடுங்கி எரித்திருப்பார், பாவம் அக்கா என்ன செய்வாள் என்று, பன்னிரண்டு வருடம் தராசு தனக்குள்ளேயே அக்காவுக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மறுவாரம் அக்கா அவள் வீட்டுக்கு வந்தாள். முதுகு இடுப்பிலிருந்து தரைக்குச் சமமாக மடங்கியிருந்தது. கதவைத் திறந்தவளின் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

“காலப் பாத்தே கண்டுபிடிச்சிட்டேன்டி” என்றாள்.

தராசு அவளை உள்ளே கூப்பிட்டு, கையெட்டும்படி முக்காலியில் தண்ணீர் வைத்தாள். அக்கா குடித்துவிட்டுக் கைப்பையிலிருந்து பழைய டேப்பை எடுத்தாள். ஒரு முனையைத் தராசின் குதிகாலில் வைத்துப் பிடித்தாள். மறுமுனையைத் தராசே தன் உச்சந்தலைக்குக் கொண்டுபோனாள். ஐந்தடி நாலங்குலம்.

“இது எங்க இருந்துச்சு?”

“பையிலதான்.”

“அன்னைக்கு?”

அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். “அன்னைக்கும் பையிலதான் இருந்துச்சு.”

வேலை போனபோது வராத அழுகை தராசுக்கு அப்போது வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகம் வந்தது. இந்தப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டியிருந்தால் போதும். பன்னிரண்டு வருடம் தான் வாதாடியது இந்த மனுஷிக்காகவா?

“உன்ன நெனைக்காத நாளே இல்லடி” என்றாள் அக்கா. அந்த அலுவலகத்துக்காரர்களுக்கு எதைச் சொன்னாலும் சொன்ன கையோடு மேலே பார்க்கிற வழக்கம் உண்டு. அக்காவால் தலையைத் தூக்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எறங்கிச்சா?”

தராசு அண்ணாந்து பார்த்தாள். பத்தடிக் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு துளி சுண்ணாம்பு உதிரவில்லை.

“எறங்கிடுச்சு” என்றாள்.

அக்கா தலையை ஆட்டினாள். டேப்பை முக்காலியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் தெருமுனையைத் திரும்புவதற்குள் மின்விசிறி லேசாக ஆடியது.

சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் வந்தபோது, கூரைவரை அடித்திருந்த மர அலமாரியின் கதவு திறக்கவில்லை. மேலே பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ரம்பத்தை எடுத்துவந்து கதவின் தலையை அறுத்தார். அந்த வீட்டின் உயரம் இப்போது, சரியான டேப்பில், ஒன்பதடி பதினோரங்குலம்.