வலையில் விழுந்த இராசாளி

இராசாளிக்குச் சட்டம் இருந்தது, கோழிக்கு இருக்கவில்லை. முத்தையன்கட்டுக் கொலனியில் இந்த அநியாயத்தைக் கமலாசனி சொல்லி அழாத வீடு கிடையாது.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரைக்கும் கோழிக்கு எமன் என்றால் கீரியும் மரநாயும்தான். வேலியை நெருக்கி அடைத்துவிட்டால் முக்கால்வாசிப் பயம் போய்விடும். இங்கே வருகிற கள்ளன் வேலியை மிதிப்பதே இல்லை. பின்காணிப் பாலைமரத்து உச்சியில் கொண்டையைச் சிலுப்பிக்கொண்டு குந்தியிருப்பான். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வரவேண்டியதுதான், ஒரு நிழல் விழும், ஒரு குஞ்சு கீச்சிடும், அவ்வளவுதான் கதை.

அவள் என்ன விற்கவா கோழி வளர்த்தாள்? மகள் ஜெகதீஸ்வரி தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்க நல்ல ஊர்க்கோழிக் குஞ்சு வேண்டும், கண்ட கண்ட இறைச்சியைக் கொடுத்து மகளைச் சாகக் கொல்லவா முடியும்? மகளின் வயிறு வளர்ந்துகொண்டே போனது, குஞ்சுகள் குறைந்துகொண்டே போயின. தாய்க்காரிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்!

வனவிலங்குக் காவலர் கனகலிங்கம் சைக்கிளில் போகும்போது ஒருநாள் படலையில் வைத்து மறித்தாள்.

“கார்ட் ஐயா, உங்கட குருவி என்ர கோழியெல்லாத்தையும் திண்டு முடிக்குது. ஒருக்காச் சுட்டுவிடுங்கோ.”

“என்ர குருவி இல்லையம்மா, அரசாங்கத்தின்ர.” அவர் சிரித்தார். “சுட்டாலும் குற்றம், அடிச்சாலும் குற்றம். அதின்ர இறகு நகம் ஏதும் கையில இருந்தாலும் வழக்குத்தான். முத்தத்துக்கு மேலால வலையைக் கட்டி விடுங்கோ. அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது.”

“அப்ப அரசாங்கத்தை வந்து என்ர மகளுக்குப் பத்தியம் காய்ச்சச் சொல்லுங்கோ!”

அவர் போனபிறகு புருஷன் மயில்வாகனம் பாய்ந்தார். “உமக்கு வாய் கூடிப்போச்சு. இது அரசாங்கம் பெர்மிட்டில தந்த காணி. வழக்கு கிழக்கு எண்டு வந்தா, பெட்டி படுக்கையோட றோட்டிலதான் நிக்கவேணும்.” திட்டினாலும், குளத்தில் மீன் பிடிக்க வைத்திருந்த பழைய வலையை எடுத்து வந்து நாலு தடி நட்டு முற்றத்துக்கு மேலே கட்டிக் கொடுத்தார்.

வலை நல்ல வேலைதான் செய்தது. ஒரு பகல், மயில்வாகனம் வயலுக்குப் போயிருந்தார், ஜெகதீஸ்வரி உள்ளே நித்திரை. கமலாசனி குசினிக்குப் பின்னால் மா இடித்துக்கொண்டிருந்தாள். முற்றத்தில் கோழிகள் கத்திய கத்தலில் உலக்கையோடு ஓடி வந்தாள்.

இராசாளி வலையில் தொங்கியது. இரண்டு காலும் கண்ணிக்குள் மாட்டி, ஒரு செட்டை விரிந்தபடி கிடந்தது. கீழே கோழிகள் கூடையோரத்தில் ஒடுங்கி நின்றன. ஒன்றுக்கும் ஒரு கீறல் இல்லை. வலையின் ஒரு மூலைக் கயிற்றை அவிழ்த்து உதறிவிட்டிருந்தால் அது தன் பாட்டில் பறந்து போயிருக்கும். கமலாசனிக்கு அது வடிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் உலக்கையை ஓங்கினாள்.

போன குஞ்சுகளையெல்லாம் நினைத்து நினைத்து அடித்தாள். அது அசையாமல் போனபிறகும் அடித்தாள். கை ஓய்ந்தபோது அந்த மஞ்சள் கண் திறந்தபடி இருந்தது. சீ, என்ன பெண் நான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டுபோய், பின்வேலிக்கு மேலால் காட்டுப் பக்கம் உதறி எறிந்தாள். நரி தின்றுவிடும் என்று நினைத்தாள். அந்தக் காட்டுப் பாதையால் யார் நடக்கிறவர் என்று நினைக்கவில்லை.

பொழுதுபடும் நேரம் மயில்வாகனம் வேகமாக வந்தார். “வீரகத்தி அண்ணையைக் கார்ட் பிடிச்சிட்டாராம். மடிக்குள்ள இராசாளியின்ர நகமாம். காட்டுக்குள்ள செத்துக் கிடந்தது, வெட்டி எடுத்தனான் எண்டு சொல்லுறாராம். துவக்கைத் தோளில வைச்சுக்கொண்டு சொன்னா ஆர் நம்புறது? துவக்கையும் பறிச்சுப்போட்டினம்.”

வீரகத்தி அந்த மண்ணின் பழைய ஆள். கொலனி வருவதற்கு முந்தியே ஒட்டுசுட்டானில் இருந்தவர். யாழ்ப்பாணத்துச் சனம் பெட்டியோடு வந்து இறங்கி முழித்தபோது, கிணறு எங்கே வெட்டலாம், யானை எந்த வழியால் வரும் என்று காட்டிக் கொடுத்தவர். அந்தத் துவக்கால் வெடி வைத்துத்தான் எல்லாருடைய வயலிலும் பன்றி கலைத்தார். அவருடைய பெண்சாதி இலட்சுமிதான் கொலனிக்கு மருத்துவிச்சி.

கமலாசனி அடுப்படியில் இருந்தபடியே புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மயில்வாகனம் படலைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவருக்குத் தண்டப் பணத்தோட போயிடும். எங்களுக்குக் காணி போகும். பிள்ளை பிறக்கிற நேரம், வாயைப் பொத்திக்கொண்டிரும்.”

ஊருக்கெல்லாம் வாய்காட்டுகிறவள் அன்றைக்குப் புருஷன் சொன்னதும் பொத்திக்கொண்டாள். சரிதானே, வசதியாக இருந்தால் எவருக்கும் வாய் அடங்கும்.

ஜெகதீஸ்வரிக்கு வலி கண்டபோது இலட்சுமிதான் ஓடி வந்தாள். பெடியன் பிறந்தான். பத்தியத்துக்குக் குஞ்சை உரித்து, சரக்கு அரைத்து, கறியையும் அவளே காய்ச்சினாள். மகள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டாள். கமலாசனி அந்தக் கறியில் ஒரு துண்டும் தொடவில்லை. ஒவ்வொரு நாளும் பிள்ளையை முழுகவார்க்க இலட்சுமி வருவாள். காவலுக்குத் துவக்கு இல்லாததால் பன்றி வயலை உழுதுவிட்டுப் போவதைச் சொல்லுவாள். கமலாசனி ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பாள், தொட்டிலைப் பார்த்ததும் நாளைக்கு ஆகட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஒருநாள் இலட்சுமி வேளைக்கே வந்துவிட்டாள். காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் கிடத்தினாள்.

“நாளைக்கு முல்லைத்தீவுக் கோட்டில வழக்கு. போய் அவற்ர வேட்டியைத் தோய்ச்சுப் போடவேணும்.” பிள்ளைக்கு எண்ணெய் தடவினாள். “எனக்கு அந்த மனுசனிலதான் கோவம், தங்கச்சி. செத்ததில ஏன் கை வைச்சனீ எண்டு கேட்டன். கமலாசனியின்ர பேரப்பிள்ளைக்குத்தான் எடுத்தனான் எண்டுது. பறவை தோசம் படாமல் குழந்தையளுக்கு இராசாளி நகத்தை வெள்ளியில கட்டி அரைஞாணில போடுறது எங்கட வழக்கம். வெளியூர்ச் சனம், அதுகளுக்கு இதெல்லாம் தெரியாது, நான்தான் பாக்கவேணும் எண்டு நினைச்சாராம்.”

கமலாசனி கையிலிருந்த சுடுதண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

“அக்கா, அந்த இராசாளியை நான்தான் அடிச்சனான்.”

இலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, பிள்ளையின் தலையில் ஒரு சொட்டும் கண்ணுக்குள் போகாமல் தண்ணீர் வார்த்தாள். துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, ஜெகதீஸ்வரியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

“இதை ஏன் என்னட்டச் சொல்லுறாய்? நான் நீதவானே?”

“பயத்தில விட்டிட்டன் அக்கா. காணி போயிடும் எண்டு...”

“என்னட்டச் சொல்லிப்போட்டு நீ இண்டைக்கு நித்திரை கொள்ளுவாய். நான் எப்பிடிக் கொள்ளுறது?”

வழமையாகக் குடிக்கிற கோப்பியைக் கமலாசனி நீட்டினாள். இலட்சுமி வாங்கவில்லை. “பிள்ளைத் துடக்குக் கழியுமட்டும் வந்து பிள்ளையை முழுகவாப்பன். அது ஒண்டும் அறியாது. உன்ர வீட்டில இனிக் கை நனைக்கமாட்டன்.”

அடுத்த நாள் விடிந்ததும் கமலாசனி நல்ல சேலையை உடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள்.

“எங்க வெளிக்கிட்டிட்டீர்?” மயில்வாகனம் ஓடி வந்தார்.

“முல்லைத்தீவுக்கு.”

“விசரே உமக்கு? காணி?”

“போனாப் போகட்டும். இந்தக் காணியில சமைச்ச சோறு எனக்கு இறங்குதில்லை.”

சொல்லிவிட்டாளே தவிர, பயம் இல்லை என்றால் அது பச்சைப் பொய். ஒட்டுசுட்டான் சந்திக்கு வருமுன் இரண்டு தரம் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

பஸ் புறப்படத் தயாராக நின்றது. வெளுத்த வேட்டியோடு வீரகத்தி யன்னலோரம் இருந்தார். அவளைக் கண்டதும் முகம் மாறி எழுந்துவிட்டார்.

“என்ன பிள்ளை, தனிய வாறாய்? பேரனுக்கு ஏதும் சுகமில்லையே? ஆசுபத்திரிக்கெண்டாச் சொல்லு, நானும் வாறன். கோடு கிடக்கட்டும்.”

இலட்சுமி அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தன் புருஷனாவது நிம்மதியாக நித்திரை கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறாள்.

“பேரன் சுகமாயிருக்கிறான் அண்ணை.”

“அப்பாடா! பயந்துபோனன். இஞ்ச இரு.” யன்னலோர இடத்தை அவளுக்கு விட்டு, இருக்கையைச் சால்வையால் தட்டிக் கொடுத்தார்.

கமலாசனி இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நானும் கோட்டுக்குத்தான் அண்ணை. அந்த இராசாளியை உலக்கையால அடிச்சுச் சாகடிச்சது நான். எறிஞ்சதும் நான். நீங்கள் பிடிபட்டது தெரிஞ்சும் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்ததும் நான்தான்.”

பஸ்ஸில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. வீரகத்தி திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள்.

அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். பின்கதவடிக்குப் போய், காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். முல்லைத்தீவு வரும்வரை அந்த யன்னலோர இருக்கையில் அவரும் இருக்கவில்லை, அவளும் இருக்கவில்லை.