சிமெண்டில் முக்கிய சட்டை

ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் அலமாரியைத் திறந்தாள். மகளின் வெள்ளைச் சட்டையைக் காணோம்.

தொழிற்சாலைத் தீயில் போய்ச் சேர்ந்த மகள், அன்று காலை அவசரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிய சட்டை அது. துவைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தாள். தாங்க முடியாதபோது பையைக் கொஞ்சம் திறந்து மூக்கை வைப்பாள். வாசனை தீர்ந்துவிடக் கூடாதே என்று உடனே மூடிவிடுவாள். புருஷனிடம்கூட இதைச் சொன்னதில்லை, பைத்தியம் என்பாரோ என்று பயம்.

"சட்டை எங்கங்க?"

"அந்தச் சிற்பிப் பொண்ணு ஆளுக்கொரு துணி கேட்டுச்சே. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

பூட்டிய கதவுக்குப் பின்னால் வெந்து செத்தவர்களுக்கு ஒரு கல் நட்டு வைக்கக்கூட நகரசபைக்கு மனம் வரவில்லை. ஆள் மாற்றி ஆள் கையை விரித்தார்கள். அதனால் அந்தச் சிற்பி, செத்தவர்களின் துணிகளைச் சிமெண்டில் முக்கி, விறைக்க வைத்து, தொழிற்சாலைக்கு எதிரே நடைபாதையில் நிறுத்தப்போகிறாள். முதலாளியின் கார் தினமும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். வேண்டும் அவனுக்கு! அம்மாவும் அதற்கென்று மகளின் பச்சை ஸ்வெட்டரைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பட்டறையில் துணிகள் கம்பியில் தொங்கின. முக்கியவை ஒரு பக்கம், முக்காதவை மறுபக்கம். வெள்ளைச் சட்டை முக்காத பக்கம் இருந்தது. அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏம்மா, இது தப்பா வந்துடுச்சு. இந்த ஸ்வெட்டரை வெச்சுக்கம்மா."

"எடுத்துக்கங்கம்மா" என்றாள் சிற்பி, தொட்டியைக் கலக்கியபடி.

அம்மா அங்கேயே சட்டையில் முகத்தைப் புதைத்தாள். சோப்பு வாசனை. சலவை சோடா வாசனை. வேறெதுவும் இல்லை.

"துவைச்சிட்டியா?"

"நாங்க எதையும் துவைக்க மாட்டோம்மா. இது மட்டும்தான் இஸ்திரி போட்டு வந்துச்சு. லாண்டரிக்காரி பொண்ணு சட்டை தெருவுல அழுக்கா நிக்கக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார். கொதிக்கிற தண்ணில சோடா போட்டு ஊற வெச்சாராம்."

கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசியறியாத மனுஷன். கொதிநீரும் சோடாவும் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? யார் யாருடைய ரத்தத்தையோ வியர்வையையோ அப்படிப் போக்கித்தானே இத்தனை வருஷம் பிழைத்தாள். வீட்டுக்குப் போய், அந்த மனுஷன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது.

சட்டையை நீட்டினாள்.

"இதையே முக்கிடும்மா."

வீட்டு வாசலிலேயே புருஷன் காத்துக்கொண்டு நின்றார். விரல் நுனிகளில் தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

"பாத்தியா? காலர்ல கறை போவேனான்னுச்சு. நானும் விடல. உன் அளவுக்கு வராதுதான். பிள்ளைக்குக் குறை வெச்சிடலயே?"

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா துவைச்சிருக்கீங்க" என்றாள்.