கயிறு இழுக்கிற வேலை

எங்கள் டிராமுக்குக் கடைசி நிறுத்தத்தில் திரும்ப இடமில்லை. ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வண்டியின் மறுமுனைக்குப் போவார். நடத்துநரான நான் இறங்கி, மின்கம்பியிலிருந்து வண்டிக்கு மின்சாரம் எடுக்கும் கூரைமேல் கழியைக் கயிற்றால் இழுத்துத் திருப்பி, மறுபடி கம்பியில் பொருத்துவேன்.

ஓட்டுநர் என் அக்கா புருஷன், தலைக்கனம் பிடித்த ஆள். "கயிறு இழுக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று பயணிகள் முன்னால் தினமும் இளிப்பார்.

ஒருநாள் கழியைத் திருப்பிவிட்டுப் பொருத்தாமல் நின்றேன். அவர் கைப்பிடியை முறுக்கு முறுக்கென்று முறுக்கினார். வண்டி நகரவில்லை.

"என்னடா ஆச்சு?"

"கயிறுதானே மாமா, நீங்களே இழுங்க."

இறங்கி வந்து இழுத்தார். கழி, கம்பி இருக்கும் பக்கம் தவிர எல்லாத் திசையிலும் ஆடியது. பயணிகள் சிரித்தார்கள். கடைசியில் நானே வாங்கிப் பொருத்தினேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனால், அவளிடம், "உன் தம்பிக்குக் கழி மாட்டத் தெரியல, நான்தான் மாட்டினேன்" என்று வாய் கூசாமல் அளந்துகொண்டிருந்தார். அந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் வாசலோடு திரும்பிவிட்டேன்.