அம்சா போட்ட முடிச்சு

மயிலத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், மடியிலிருந்த குழந்தையின் தொப்புளை மடித்த வேட்டித் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாள் அம்சா. மூன்றாவது துணி. அதுவும் நனைந்துகொண்டிருந்தது. பிறந்து மூன்று நாளான ஆண் குழந்தை. அவள் தம்பி கோதண்டபாணியின் முதல் பிள்ளை. தாய் கிருஷ்ணவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் போயிருந்த கோதண்டபாணிக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

பிரசவம் பார்த்துக் கொடி அறுத்தது அம்சாதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் புருஷன் செத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் கையில் பிறந்தவை நாற்பதுக்கு மேல். ஒன்றுக்கும் இப்படி ஆனதில்லை.

"அண்ணி, அழவே மாட்டேங்குதே."

"தூங்குது. நீ சாஞ்சிக்க."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா துணியை விலக்கி முடிச்சைப் பார்த்தார். குழந்தையைப் புரட்டினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றியிருந்தது.

"எங்கயாவது விழுந்துச்சா?"

"இல்லிங்க."

"வெளிக்கி எப்படிப் போச்சு?"

"தாரு கணக்கா கறுப்பா போய்க்கினே இருக்குதுங்க. மொதல்ல எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தானேன்னு வுட்டுட்டேன்."

ஊசி போட்டார்கள். குத்திய இடத்தில் நர்ஸ் பஞ்சை எடுக்கும்போதெல்லாம் ரத்தம் மறுபடி துளிர்த்தது. டாக்டரம்மா கிருஷ்ணவேணியிடம் திரும்பினார்.

"உன் கூடப் பிறந்தவங்க யாருக்காவது இந்த மாதிரி ரத்தம் நிக்காம போயிருக்கா?"

கிருஷ்ணவேணி அம்சாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு தம்பிங்க. ஒருத்தன் தொட்டில்லயே. இன்னொருத்தன் பல்லு வுழுந்தப்ப."

பெண் கேட்டுப் போனபோது அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லவில்லை.

"முடிச்சு சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டரம்மா, அம்சாவிடம். "ரத்தம் உறையலை. தாய் வழியா வந்திருக்கும்னு நினைக்கிறேன். அடுத்த பிரசவம் வீட்ல வேணாம்."

மெட்ராஸுக்குக் கொண்டுபோகச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோதே குழந்தை அடங்கிவிட்டது.

வராந்தாவில் கிருஷ்ணவேணி அம்சாவின் முழங்கையைப் பற்றினாள். "அண்ணி, அவருக்குத் தெரிஞ்சா…"

"பால் கட்டிக்கும்," என்றாள் அம்சா. "மாரை இறுக்கிக் கட்டு." தன் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் புதைத்தார்கள். வீடு திரும்பிய கோதண்டபாணி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே நின்றான். பெரியப்பா பெரியதம்பியும் கூட வந்திருந்தார்.

"அக்கா, கொடி நீதான கட்டின?"

"ஆமா."

"சரியாக் கட்டலியா?"

உள்ளே கிருஷ்ணவேணி எழுந்து நிற்பது அம்சாவுக்குத் தெரிந்தது.

"எளகிப்போச்சு தம்பி," என்றாள். "என் கை முன்ன மாதிரி இல்ல. அடுத்தது எங்கிட்ட வேணாம். திண்டிவனம் ஆஸ்பத்திரியிலேயே பொறக்கட்டும்."

பெரியதம்பி காறித் துப்பினார். கோதண்டபாணி அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கால் கழுவப் போய்விட்டான்.

ஆவணியில் எதிர்வீட்டுச் சின்னபொண்ணுக்கு வலி கண்டது. பக்கத்து ஊர் மருத்துவச்சியை அழைத்துவர மாட்டுவண்டி பூட்டினார்கள். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை ஓடு உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்த அம்சாவைக் கடக்கும்போது வண்டிக்காரன் மாட்டை விரட்டுவதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டான். எதிர்வீட்டிலிருந்து முனகல் கேட்டது. அம்சாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

உள்ளேயிருந்து கிருஷ்ணவேணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்து, தலை நிமிராமல் உரிக்கத் தொடங்கினாள்.