ஐந்தே முக்கால் பஸ்

"சக்கரவர்த்தியா! எந்த ஊருக்கு சித்தப்பா?"

"ஏய், வாய மூடு. உள்ள கெடக்கறது எங்க அண்ணன். 'நாவல் சக்கரவர்த்தி'ன்னுதான் பேனர்ல போடணும்."

"நைனா உயிரோட இருந்து அத பாத்திருந்தா, அப்பவே செத்திருப்பாரு."

"பாருங்க அண்ணி, உங்க பொண்ணு பேசற பேச்ச!"

சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். சாவு வீட்டில் குரல் உயர்ந்தால் அது நகைக்காக இருக்கும், இல்லாவிட்டால் மனைக்காக இருக்கும். அந்த நம்பிக்கையில் வாசலுக்கு நெருங்கி நாற்காலியை இழுத்துப் போட்டவர்கள் ஏமாந்துபோனார்கள். தணிகைவேல் வீட்டில் சண்டை ஃப்ளெக்ஸ் பேனருக்காக. தம்பி பாஸ்கருக்கும் மகள் பூமிகாவுக்கும் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது, ஒன்பதரை ஆகியும் ஒரு வரிகூட முடிவாகவில்லை.

தணிகைவேலின் மனைவி ஈஸ்வரி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, கண்ணாடியில் படியும் ஈரப்பனியை ஒரு துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் புருஷன் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கிவிடும். மறுபடி துடைப்பாள். நேற்று சாயங்காலம் ஊறவைத்த உளுந்து அப்படியே சமையலறையில் கிடக்கிறது என்பதுதான் அவள் மனதில் இருந்தது. அதை என்ன செய்வது, யாரிடம் சொல்வது. அவள் இதுவரை அழவில்லை என்பதை நான்கு பெண்கள் கவனித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஞானம்மா ஐந்தாவது.

நேற்று இரவும் வழக்கம்போலத்தான். ஏழு மணிக்கு வந்தார், சாப்பிட்டார், எழுத உட்கார்ந்தார். தண்ணீர் எடுக்கப் போன ஈஸ்வரி அவர் மேசையில் தலை கவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள். கதையில் யாரையாவது கொல்ல வேண்டியிருந்தால் அவர் அப்படித்தான் கவிழ்ந்து யோசிப்பார். தொந்தரவு செய்யக்கூடாதென்று ஓசையில்லாமல் சொம்பை வைத்துவிட்டு, விளக்கு கண்ணில் படாமல் திருப்பிவிட்டுப் போய்ப் படுத்தாள். விடிந்து வந்து தொட்டபோது கை ஜில்லென்றிருந்தது.

தணிகைவேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிப்காட்டில் இரும்புக் கம்பி மில் ஒன்றில் எடைமேடைக் கணக்கர். லாரி ஏறும், இறங்கும், இவர் எடை எழுதுவார். அது பிழைப்பு. மாதநாவல் எழுதுவது உத்தியோகம் என்று அவர் நினைத்திருந்தார். தொண்ணூற்றாறு பக்கம், ஆறாம் பக்கத்துக்குள் ஒரு பிணம், கடைசிப் பக்கத்தில் கைவிலங்கு. நாற்பத்தோரு நாவல் வந்திருக்கிறது. எங்கள் தெருவில் அதில் ஒன்றை முழுதாகப் படித்த ஆள் ஒருவரும் கிடையாது. ஆனாலும் அவர் நடந்துபோனால் "ரைட்டர் போறாரு" என்போம். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

ஊர் முழுக்கப் படித்தது அவருடைய பக்கத் தொழிலைத்தான். ஆலைகளில் பாதுகாப்பு வாரம் வந்தால் வாசகம், மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வாழ்த்து, யாராவது ஓய்வு பெற்றால் பாராட்டு மடல், யாராவது செத்தால் கண்ணீர் அஞ்சலி. எல்லாம் மணிகண்டன் ஃப்ளெக்ஸ் கடைக்காக. அதிலும் கண்ணீர் அஞ்சலியில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பேனா எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்கே போவார். பிறந்தது, இறந்தது எதையும் கேட்கமாட்டார். ஒரே கேள்விதான்: "ஊட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல இன்னா பண்ணுவாரு?"

ரேஷன் கடை ராஜமாணிக்கத்துக்கு, 'செருப்பைக் கழற்றும் முன் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்தவர்' என்று எழுதினார். பால்கார நாகமுத்துவுக்கு, 'மாட்டை விசாரித்த பிறகே மனைவியை விசாரித்தவர்'. அதைப் படித்துவிட்டு நாகமுத்துவின் மனைவி செல்லியம்மாள் சிரித்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அப்படி அழுதாள். மற்ற எல்லா வரியும் எல்லாப் பேனரிலும் ஒன்றுதான். அந்த ஒரு வரி மட்டும் செத்தவருக்கே சொந்தம்.

பத்து மணிக்கு மணிகண்டன் வந்தான். பதினோரு மணிக்கு மேல் கரண்ட் போய்விடும், மராமத்து வேலையாம். அதற்குள் பிரிண்ட் போட்டால்தான் நான்கு மணிக்கு எடுப்பதற்குள் பேனர் கட்ட முடியும். செல்போனில் டிசைனைக் காட்டினான். தணிகைவேலின் முகம், பின்னால் மேகம், இரண்டு புறா.

"எல்லாம் போட்டுட்டேன் அண்ணி. நடுவுல ஒரு வரிக்கு எடம் உட்டிருக்கேன்." அவன் தொண்டையைச் செருமினான். "அண்ணன் கேக்கறதையே நான் கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. ஊட்டுக்குள்ள வந்ததும் மொதல்ல இன்னா பண்ணுவாரு?"

எல்லாரும் ஈஸ்வரியைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவள்.

துண்டு கண்ணாடியில் நின்றது.

"தண்ணி குடிப்பாரு," என்றாள்.

"அது நீ குடுக்கறதும்மா," என்றாள் பூமிகா மெதுவாக.

"கை கால் கழுவுவாரு." இது பாஸ்கர்.

"ஊருல எவன் கழுவல சித்தப்பா?"

"அண்ணன் ஒத்துக்க மாட்டாரு," என்றான் மணிகண்டன். "எல்லாரும் பண்றது வேணாம்டா, இவரு மட்டும் பண்றது சொல்லுன்னுவாரு. நல்லா யோசிங்க அண்ணி."

ஈஸ்வரி யோசித்தாள். ஏழு மணி. கேட் சத்தம். அதற்கு முன்பே அவள் தொலைக்காட்சியை அணைத்திருப்பாள். சீரியல் நடுவில் நின்றிருக்கும். கல்யாணமான புதிதில் அவளே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது, அவர் கேட்கவில்லை. எழுதுகிற ஆள். பூமிகா சின்னப் பிள்ளையாக இருந்தபோது உதட்டில் விரல் வைத்து, 'நைனா வந்துட்டாரு, சத்தம் போடாத' என்பாள். குக்கர் விசில்கூட ஏழுக்கு முன்பே அடங்கிவிடும். அந்த அமைதிக்குள் அவர் வந்தார். வந்து? தட்டு, தண்ணீர், சாம்பார், எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் கைகள்தான் வந்தன. அவர் என்ன செய்தார் என்பது வரவில்லை.

"தெரியல," என்றாள்.

சாமியானாவில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். பாஸ்கருக்கு வசதியாகப் போயிற்று.

"பாத்தியா? அதுக்குத்தான் சொல்றேன், சக்கரவர்த்தி போட்டு முடி. டைம் ஆவுது."

அப்போதுதான் ஞானம்மா தொண்டையைச் சரிசெய்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தை ஒட்டி இட்லி வண்டி போடுகிறவள். யார் வீட்டு மருமகள் எந்தப் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போனாள், எந்தப் பஸ்ஸில் திரும்பினாள் என்பதெல்லாம் அவளிடம் இருக்கும்.

"ஊட்டுக்குள்ள வந்ததும் இன்னா பண்ணுவாருன்னு எனக்குத் தெரியாது. வர்றதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவாருன்னு தெரியும்."

"வர்றதுக்கு முன்னாடி பஸ்ல இருப்பாரு," என்றாள் ஈஸ்வரி. "கம்பெனி பஸ் ஏழு மணிக்குத்தானே வருது."

"இன்னாக்கா சொல்ற? அஞ்சே முக்காலுக்கே வந்துடுமே."

ஐஸ் பெட்டியின் மோட்டார் ஒருமுறை இரைந்து நின்றது.

"எறங்கி நேரா நிழற்குடையில வந்து குந்துவாரு. எங்கிட்ட ஒரு டீ. பையிலேருந்து புக்கு எடுப்பாரு. ஏழு அடிக்கற வரைக்கும் படிப்பாரு. மழையா இருந்தாலும் சரி, இன்னாவா இருந்தாலும் சரி."

"எழுதறதுக்காக படிச்சிருப்பாரு," என்றான் பாஸ்கர். "சட்ட புக்கு, போலீஸ் புக்கு."

"சட்ட புக்குல யானை சைக்கிள் ஓட்டுமா?"

ஞானம்மாவுக்கு இப்படி ஒரு அமைதி வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஆனால் அதை அவள் அனுபவித்ததாகவும் தெரியவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கொழந்தைங்க புக்கு. படம் போட்டது. பழைய பேப்பர் கடையில வாங்குவாரு. படிச்சிக்கினே சிரிப்பாரு பாரு, கண்ணுல தண்ணி வந்துடும். சத்தம் வரக்கூடாதுன்னு கையால வாய மூடிப்பாரு. எனக்கே சிரிப்பு வந்துடும். ஏழானதும் மூஞ்சிய தொடச்சிக்கினு, ரைட்டர் மாதிரி ஆயி, கெளம்பிடுவாரு."

"ஏன், ஊட்டுல வந்து படிக்கறதுதானே?" பூமிகா கேட்டாள்.

"நானும் கேட்டேன். 'ஊட்டுல ஈஸ்வரி அத எழுதற நேரம்னு வெச்சிருக்கு ஞானம்மா. பாவம், டிவி கூட போடாது. அங்க போயி நான் குந்திக்கினு சிரிச்சா நல்லாவா இருக்கும்'னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. பதினோரு வருஷம் ஆச்சு, நானும் சொல்லல."

ஞானம்மா ஒரு விஷயத்தைப் பதினோரு வருஷம் வெளியே விடாமல் வைத்திருந்தாள் என்பது, அன்றைய சாவைவிடப் பெரிய செய்தியாக அரை நாள் தெருவில் ஓடியது.

பூமிகா எழுந்து உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய கம்பெனிப் பை தொங்கியது. அதில் யாரும் கை வைத்ததில்லை, சாப்பாட்டு டப்பாவைக்கூட அவரே எடுத்துத் தருவார். பையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாள். அடையாள அட்டை, கண்ணாடிக் கூடு, ஒரு மெல்லிய புத்தகம். அட்டையில் யானை சைக்கிள் ஓட்டியது. மூலைகள் மழுங்கியிருந்தன. உள்ளே யாரோ ஒரு குழந்தை கரடிக்கு மீசை வரைந்திருந்தது. நடுவில் அடையாளத்துக்கு ஒரு கேண்டீன் டோக்கன். அதற்குப் பிறகும் பக்கங்கள் இருந்தன.

ஈஸ்வரி புத்தகத்தை மூடி, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்தாள். பிறகு துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். நன்றாக, நான்கு மூலையும் துடைத்தாள்.

"மணி, அதப் போடு," என்றாள்.

"எத அண்ணி?"

"அதத்தான். பஸ் ஸ்டாப்புல குந்தி சிரிச்சாருன்னு."

பாஸ்கர் துள்ளி எழுந்தான். "அண்ணி, உங்களுக்கு இன்னா ஆச்சு? கம்பெனிலேருந்து மேனேஜருங்க வருவாங்க. மெட்ராஸ்லேருந்து பதிப்பகத்துக்காரங்க வருவாங்க. படிக்கறவன் இன்னா நெனைப்பான்? பொண்டாட்டிக்குப் பயந்துக்கினு ஊட்டுக்கு வராம ரோட்டுல குந்திக்கினு இருந்தாருன்னு நெனைப்பான். உங்க பேருதான் நாறும்."

"நெனைக்கட்டும்."

"அண்ணி..."

"கரண்ட் போயிடும் பாஸ்கர். அவன அனுப்பு."

அவள் குரல் உயரவில்லை. உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். பாஸ்கர் உட்கார்ந்தான். மணிகண்டன் செல்போனில் தட்டித் தட்டி, ஒரு தடவை அழித்து, மறுபடி எழுதி, பூமிகாவிடம் காட்டினான். அவள் தலையாட்டினாள். ஈஸ்வரியிடம் காட்டப் போனபோது அவள் பார்க்கவில்லை. "அந்த உளுந்த யாராச்சும் அரைச்சி எடுத்துக்கினு போங்க. வீணாப் போவுது," என்றாள். ஞானம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்குப் பேனர் வந்து தெருமுனையில் ஏறியது. மேகம், புறா, நடுவில் தணிகைவேலின் ரைட்டர் முகம். கீழே: 'பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் படித்தவர்.' நாங்கள் எல்லோரும் போய் நின்று படித்தோம். பாஸ்கர் சொன்னபடியே சிலர் நினைத்தார்கள், நாங்களும் கொஞ்சம் நினைத்தோம். மில் மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் மாலையைப் போட்டுவிட்டுப் போனார். நான்கு மணிக்கு எடுத்தார்கள். ஈஸ்வரி வாசல் வரை வந்தாள். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் ரயில்வே கேட் பக்கம் கேட்டது. கழுவி விட்ட ஈரத் தரையில் நின்றிருந்த அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பியபடியே வெகுநேரம் நின்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பாதியில் நின்ற நாற்பத்திரண்டாவது நாவலை வேறொருவர் எழுதி முடித்தார், கொலைகாரன் யாரென்று அவரே முடிவு செய்துகொண்டார். பேனரைக் கழற்றியபோது ஞானம்மா கேட்டு வாங்கி, முகம் உள்பக்கம் வரும்படி இட்லி வண்டிக்கு மேலே கட்டிக்கொண்டாள். மழைக்கு நல்ல கெட்டி. பாஸ்கர் கொஞ்ச நாள் பேசாமலிருந்தான், பிறகு குடும்பத்தோடு திருப்பாச்சூர் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். தை மாதம் பூமிகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சரவணகுமாருக்குப் பள்ளிப்பட்டில் விதைக் கடை. அமைதியான பையன் என்று எல்லாரும் சொன்னபோது, ஈஸ்வரி மட்டும், "சிரிப்பாரா?" என்று பூமிகாவிடம் கேட்டாளாம்.

வைகாசியில் ஈஸ்வரியும் வீட்டைக் காலி செய்துகொண்டு மகளோடு போய்ச் சேர்ந்தாள். சாமான் வேனில் முன்பே போயிற்று. மருமகன் திருவள்ளூரில் காத்திருந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவள் ஐந்தரைக்கே நிழற்குடைக்கு வந்துவிட்டாள், தோளில் அந்தக் கம்பெனிப் பை. கம்பெனி பஸ் வந்தது, ஆட்கள் இறங்கிப் போனார்கள். திருவள்ளூர் பஸ் ஒன்று வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று.

"ஏறலியாக்கா?" என்று ஞானம்மா கேட்டாளாம். "அடுத்ததுல போறேன்," என்றாளாம் ஈஸ்வரி. மடியில் யானைப் புத்தகம் இருந்ததாம், கேண்டீன் டோக்கன் பெஞ்சில் இருந்ததாம், ஒரு கை வாய்மேல் இருந்ததாம்.

"சிரிச்சாளா?" என்று நாங்கள் ஞானம்மாவை எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். இட்லித் தட்டு எடுத்துக்கொண்டிருந்தேன், சரியாகப் பார்க்கவில்லை என்கிறாள். ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போனாள், அது மட்டும் தெரியும் என்கிறாள்.