சீலை போட்டு மூடின பார்

1

இந்தக் கதை ஒரு காலில இருந்து வந்தது. போன ஞாயிறு வெல்லாவெளியில எங்கட வீட்டுக்குத் தங்கச்சியப் பொண்ணு பாக்க மண்டூரில இருந்து ஆக்கள் வந்தாங்க. நான் டுபாயில இருந்து வீடியோ கோலில நிண்டன். எல்லாரும் மாப்பிள்ளைட முகத்தப் பாத்தாங்க. நான் மட்டும் அவர்ர காலப் பாத்துட்டன். அண்டையில இருந்து எனக்குச் சோறு இறங்குதில்ல.

நான் வாயால சொல்ல போன் எழுதுது. எனக்குக் காலையில ஒரு வேலை, பின்னேரம் ஒரு வேலை. நடுவில மூணு மணித்தியாலம் சும்மா. ரூமில மத்தவங்க நித்திரை. அதனால படிக்கட்டில குந்தி இரிந்து மெல்லச் சொல்றன். சொன்னத அழிக்க எனக்குத் தெரியா. பிழையாத் தொடங்கினதும் அப்பிடியே கிடக்கும், பொறுத்துக் கொள்ளுங்க.

இது வீட்டுக் குரூப்புக்கு. அம்மா, சித்தப்பா, தங்கச்சி, நான். நேராச் சொல்லப் பயமா இரிக்கு. கதை எண்டு சொன்னா, பிரச்சின வந்தா "அது சும்மா கதை" எண்டு தப்பலாம். (இதையும் எழுதிட்டுது. சரி, கிடக்கட்டும்.)

2

எப்பிடித் தொடங்குறது?

"மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரையில ஒரு —" வேணாம். வீட்டு ஆக்களுக்குப் படுவான்கரை எங்க கிடக்கு எண்டு நான் சொல்லத் தேவல்ல.

"ஒரு குடிகாரன் தன்ர வீட்டில பார் ஒண்டு அடிக்க நினைச்சு —" இது பொய். நான் ஒரு சொட்டும் வாயில வெச்சதில்ல.

"நிலோஜனுக்கு வீட்டில ஒரு பார் வேணும் போல இரிந்திச்சு." இது இரிக்கட்டும். நிலோஜன் நான்தான். ஆனா 'நான்' எண்டு சொல்லக்குள்ள கதை நகருதில்ல. 'அவன்' எண்டாக் கொஞ்சம் தள்ளி நிண்டு பாக்கலாம்.

3

நிலோஜன் ஒரு பெரிய ஹோட்டலிர பாரில கிளாஸ் துடைக்கிறவன். அவன்ட அம்மா சின்னத்தங்கம் ஊரில சொல்லி வெச்சிரிக்கிறது சூப்பர்வைசர் எண்டு. (அம்மா, கோவிக்காதீங்க. சித்தப்பாவுக்கு எப்பயோ தெரியும்.)

அங்க அவனுக்குப் பிடிச்சது அந்த மேசை. நீட்டுக்கு ஒரே பலகை, ஓரம் உருட்டி, கைபட்டுக் கைபட்டு மினுங்கிக் கிடக்கும். திறக்க முதல் எண்ணெய்த் துணியால துடைக்கிறது அவன்ட வேல. அந்தப் பத்து நிமிசம் ஆரும் அவன ஏவமாட்டாங்க.

ஊரில அவன்ட காசில ஒரு வீடு எழும்பிச்சு. எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்கு. தங்கச்சி கேதீஸ்வரிர பேரில உறுதிப் பத்திரம். அவள் முடிச்சாப் புருசன் அந்த வீட்டுக்கு வருவார். நிலோஜன் முடிச்சா பொஞ்சாதிர வீட்டுக்குப் போவான். இதில ஒரு குறையும் இல்ல, எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான். எண்டாலும் பிளானைப் பாத்துக்கொண்டு இரிக்கக்குள்ள, தான் கட்டின வீட்டில தனக்கு ஒரு மூலையும் இல்லையே எண்டு அவனுக்கு ஒரு —

ஹோலில ஜன்னலுக்குப் பக்கத்தில ஆறடி இடம் சும்மா கிடந்திச்சு. அதில ஒரு பார் அடிப்பம் எண்டு முடிவெடுத்தான். போத்தல் வைக்க இல்ல. லீவில வந்தா அதுக்குப் பின்னால நிக்க. அவ்வளவுதான்.

தச்சு வேல செய்ற வினாயகமூர்த்தி ஓடாவியாருக்கு வீடியோவில அளவு சொன்னான்.

"உசரம் நாப்பத்திரெண்டு இஞ்சி, அண்ணன். ஒரு இஞ்சியும் குறையக்கூடாது."

"நாப்பத்திரெண்டா? தம்பி, இதில இரிந்து சாப்பிடுறாக்கள் பனையில ஏறி வருவாங்களா?"

"நிண்டு பாவிக்கிறது அண்ணன். மேல் பலகை முதிரை மரத்தில. கீழ, நிலத்தில இருந்து எட்டு இஞ்சியில, நீட்டுக்கு ஒரு பைப் வேணும்."

"பைப்பா? கோழி அடையவா?"

"கால் வைக்க."

"காலுக்கு நிலம் காணாதா மனுசனுக்கு?" ஓடாவியார் பென்சிலக் காதில சொருகிட்டு கிறுகிப் பாத்துக் கத்தினார். "அக்கா, உங்கட மகன் வெளிநாட்டில என்னவோ பழகிட்டான் கா!"

அம்மா போன வாங்கினா.

"ஆருக்கு மனே இது?"

"ஆக்கள் வந்தா நிண்டு தேத்தண்ணி குடிக்க."

"ஏன், வாறாக்கள் இரிக்காம நிண்டுட்டா போகப் போறாங்க?"

ஆடாம நிக்கணும் எண்டு நிலோஜன் சொன்னதால, ஓடாவியார் நிலத்திலயும் சுவரிலயும் சேத்து நட்டுப் போட்டு இறுக்கிட்டார். இனி அத எடுக்கிற எண்டாச் சுவரோடதான் எடுக்கணும்.

4

கேதீஸ்வரி மட்டக்களப்பு ஆசுபத்திரியில வார்ட் வேல செய்றவள். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி வாற ஆம்புளையளுக்குப் பெட்சீற் மாத்துறது, வாந்தி அள்ளுறது. முப்பத்தொரு வயசு. கலியாணத்துக்கு அவள் கேட்டது ஒண்டே ஒண்டு.

"காணி வேணாம் அண்ணே, உத்தியோகமும் வேணாம். குடிக்காத ஆளாப் பாருங்க. வார்ட்டில பாக்கிறத வீட்டிலயும் பாக்க எனக்கு ஏலாது."

மண்டூர் மாப்பிள்ளைட பேர நான் சொல்லமாட்டன். அவர்ர அம்மா தரகரிட்ட சொல்லி விட்டது, "என்ர மகன் வெத்திலயும் போடமாட்டான்" எண்டு.

ஞாயிறு காலையில அம்மாவுக்குத்தான் அந்தப் பாரைப் பாத்துப் பயம் புடிச்சிச்சு. குடிக்காத மாப்பிள்ளை வரக்குள்ள வீட்டில இது என்ன? தன்ர ரோசாப்பூச் சீலை ஒண்டை எடுத்து, நிலத்தில முட்டுற அளவுக்குப் போட்டு மூடி, மேல பலகாரத் தட்டும் தண்ணிச் செம்பும் வெச்சிட்டா. பாத்தாச் சாமான் மேசை மாதிரி இரிந்திச்சு. கீழ கிடந்த பைப் ஆருக்கும் தெரியல்ல.

கேதீஸ்வரி போன ஒரு ஸ்டூலில சாத்தி வெச்சிட்டுப் போனாள். அது வழுக்கிச் சரிஞ்சிட்டு. கால் மணித்தியாலமா நிலோஜனுக்குத் தெரிஞ்சது ஆக்கள்ர கால் மட்டும். சித்தப்பாட வெடிச்ச குதி, மாப்பிள்ளைட அம்மாட கொலுசு. "போன நிமித்துங்க" எண்டு கத்தினான். ஆருக்கும் கேக்கல்ல.

மறுகா ஒரு சோடிக் கால், சாம்பல் நிறக் கால்சட்டை, மாப்பிள்ளைதான். தண்ணி எடுக்க வந்தார் போல. வந்து நிண்டவர்ர இடது கால், குனியாம, தேடாம, தடவாம, சீலையோட சேந்து அந்தப் பைப்பில ஏறி இரிந்திச்சு. மத்தக் கால் ஒரு பக்கம் சாஞ்சிச்சு. அப்பிடியே நிண்டு சிரிச்சுக் கதைச்சார்.

நிலோஜன் நாலு வருசமா, வெறுங் கிளாஸ் பொறுக்க ஹோட்டல் பாருக்கு முன்னால போகக்குள்ள, இந்தக் கால்களப் பாக்கிறவன். புதுசா வாறவனுக்குக் கீழ கால் வைக்கிற கம்பி இரிக்கிறதே தெரியா, காலை மாத்தி மாத்தி நிப்பான். பழகினவனுக்கு வாய் திறக்க முதல் கால் ஏறிடும்.

5

இதில இருந்து நான் எழுதுறதில எனக்கே நம்பிக்கை இல்ல.

ஒருத்தன் கால் தூக்கி வெச்சது ஒரு சாட்சியா? கால் தட்டுப்பட்டு இரிக்கலாம். இடுப்பு, நாரி நோவா இரிக்கலாம். நான் அந்த மனுசன வேணுமெண்டு கெட்டவனா எழுதுறனா? கேதி முடிச்சா அந்த வீடு, அந்த மூலை, எல்லாம் அவர்ர நிழலுக்குப் போயிடும். அந்த எரிச்சல்தானா எனக்கு? தெரியா. ரெண்டு நாளா என்னட்டயே கேக்கிறன்.

வாற கிழமை புதன் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்ன உருக்கிட்டா அதுக்குப் பொறகு பேச்சில்ல.

முடிவு ஒண்டு. நிலோஜன் வாய் திறக்கல்ல. கலியாணம் நடக்குது. சீலைய எடுக்கிறாங்க. மாப்பிள்ளை பாருக்குப் பின்னால நிக்கார். கேதி வார்ட்டில இருந்து வந்து செருப்பக் கழட்டிட்டு —

ஏலாது.

முடிவு ரெண்டு. நிலோஜன் குரூப்பில சொல்றான். சித்தப்பா, "கால் வெச்சதுக்கெல்லாம் கலியாணத்த நிப்பாட்டினா ஊரில ஒருத்திக்கும் தாலி ஏறாதுடா" எண்டு வொயிஸ் போடுறார். கதை மண்டூருக்குப் போகுது. அந்த மனுசன் உண்மையாவே ஒரு சொட்டும் தொடாத ஆள். அவர்ர பேரும் போச்சு, கேதிர பேரும் போச்சு.

முடிவு மூணு. நிலோஜன் மாப்பிள்ளைக்கே கோல் எடுக்கிறான். (இது கற்பன இல்ல. நேத்து எடுத்தன்.)

"மச்சான், கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க. நீங்க எப்பயாவது, கூட்டாளிமாரோட…"

"சேச்சே, என்ன மச்சான் இது! நம்மள அப்பிடி நினைச்சிட்டீங்களா?" மறுகா சிரிச்சார். "நீங்க வந்தாப் பொறகு அந்தச் சீலையக் கழட்டுவம். நல்ல பலகை மச்சான் அது, வீணாப் போகக்கூடாது. பகிடிக்குச் சொல்றன்!"

பகிடியாத்தான் இரிக்கும். நான் சிரிச்சன். போன வெச்சாப் பொறகும் சிரிச்ச வாய் அப்பிடியே இரிந்திச்சு.

6

இத நான் குரூப்பில போடல்ல.

கேதி, இது உனக்கு மட்டும். அம்மாவுக்குக் காட்டாத. சித்தப்பாட பேச்செல்லாம் நானாச் சொன்னது, அவர் ஒண்டும் சொல்லல்ல.

அந்த மனுசன் குடிக்கிறவர் எண்டு நான் சொல்லல்ல. கண்டதச் சொன்னன், கேட்டதச் சொன்னன். ஒவ்வொரு நாளும் அந்த ஆக்களப் பாக்கிறவள் நீ. நான் கிளாஸ் துடைக்கிற பக்கத்தில நிக்கிறன், நீ பெட்சீற் மாத்துற பக்கத்தில நிக்கிறாய். என்ன விட உனக்குத்தான் தெரியும்.

ஓம் எண்டா ஓம். நான் இதக் கதைக்கவே மாட்டன், செத்தாலும்.

வேணாம் எண்டா, அவரப் பத்தி ஒரு சொல்லும் சொல்லாத. சொன்னா உன்னத்தான் ஊர் பழிக்கும். "அண்ணன் பெருங்குடிகாரன், வீட்டுக்குள்ளயே பார் அடிச்சிட்டான், இப்பிடி ஒரு ஆள் வந்து போற வீட்டுக்கு ஒரு நல்ல மனுசனக் கூப்பிட எனக்கு வெக்கம்" எண்டு சொல்லு. சீலையக் கழட்டிக் காட்டு. எல்லாரும் நம்புவாங்க, பார்தானே நிக்குது. ஓடாவியாரும் ஓம் எண்டு சொல்லுவார். அம்மா அழுவா. நாளைக்கு எனக்குப் பொண்ணு கேட்டுப் போற இடத்திலயும் இத எடுப்பாங்க. எடுக்கட்டும்.

மூணு முடிவு சொன்னன், மூணையும் எனக்கு நம்பேலாது. நாலாவத நீ சொல்லணும். இப்ப அஞ்சாகப் போகுது, கீழ பஸ்காரன் ஹோர்ன் அடிக்கான், நான் வேலைக்கு இறங்கணும்.

லீவு கிடைச்சிட்டு, கேதி. டிக்கற் மட்டும் எடுக்கல்ல. சீர்த்தட்டுத் தூக்கிற அண்ணனா வாறதா, குடிகார அண்ணனா வந்து வீட்டு முத்தத்தில நிண்டு ஏச்சு வாங்குறதா எண்டு நீ சொன்னாத்தான் —