அரை ஏரிக்கு அனுமதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. 2003 ஆவணியில் பேர்லின் நொய்கெல்னில், என் சமையலறையில் இருந்து கொறற்றி அழுதபடி சொன்னது. அவள் அழ, நான் மனதுக்குள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளர்கள் ஒரு தனி ரகம். தேநீர் ஊற்றித் தந்தால் கவனமாயிருங்கள்.

2.

முதல் தொடக்கம்: "மாலை வெயிலில் ஏரி பொன்னாய் உருகி..." (வேண்டாம். ஏரி உருகாது.)

இரண்டாம் தொடக்கம்: "துடுப்பே பிடித்தறியாத அகதித் தம்பதி நடுங்கியபடி..." (ஜேர்மன்காரருக்குப் பிடிக்கும். ஆனால் கொறற்றியின் கணவன் பீலிக்ஸ் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடலில் பதினாறு வருடம் மீன்பிடித் தொழில் செய்தவன். படகு வாடகைக்குக் கொடுப்பவர் துடுப்பு பிடிப்பது எப்படி என்று அவனுக்கு நாற்பது நிமிடம் வகுப்பெடுத்தாராம். கடைசிவரை பணிவாகக் கேட்டுவிட்டு 'டாங்கே' என்று நன்றியும் சொல்லியிருக்கிறான்.)

மூன்றாவது சுமார். அதையே வைத்துக்கொள்வோம்: அகதி விடுதியில், திரைச்சீலைக்கு அப்பால் இன்னொரு குடும்பம் இருக்க, கலியாணமான நாளிலிருந்து இரண்டு வருடமாகக் குசுகுசுத்தே பேசிய கணவனும் மனைவியும், ஒரு சனி ஞாயிறு ஆளில்லாத தீவொன்றில் கூடாரம் அடித்துத் தங்கப் போனார்கள்.

3.

தீவில் என்ன செய்தார்கள்? காதல் காட்சிக்குக் காத்திருப்பவர்கள் மன்னிக்க. சண்டை பிடித்தார்கள். இரண்டு வருடம் சேர்த்துவைத்த சண்டை.

"உங்கட அம்மாவோட போனில கதைக்கிற மாதிரி என்னோட ஒரு நாளாவது கதைச்சனீங்களோ?"

"நல்லாக் கத்து! இஞ்ச ஆர் கேக்கினம்?" என்று பீலிக்ஸும் கத்தினானாம்.

பிறகு இருவரும் சிரித்துவிட்டு, கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஜேர்மனிக்கு வந்ததற்கு அன்றுதான் சந்தோஷப்பட்டேன் என்றாள் கொறற்றி. இதற்கு மேல் நான் என்ன சேர்த்தாலும் பொய்யாகிறது.

4.

ஞாயிறு காலை நீர்ப் பொலிஸ் வந்தது. (கதையில் பொலிஸ் வந்தே ஆகவேண்டுமா என்று கேட்காதீர்கள். வந்தது.)

ஒரு விளக்கக் குறிப்பு, அலுத்தவர்கள் தாண்டிப் போகலாம்: அகதி விண்ணப்பம் முடியும்வரை அவர்கள் பேர்லின் மாநிலத்தைத் தாண்டக் கூடாது. மாநில எல்லை அந்த ஏரியின் நடுவால் போகிறது. படகு எடுத்த கரை பேர்லின், தீவு பிராண்டன்பூர்க். முதல் தடவை பிடிபட்டால் தண்டம், இரண்டாம் தடவை குற்றவழக்கு. போன வருடம் ஜேர்மனியின் மறுகோடியிலுள்ள கெவலார் மாதாவின் தமிழ்த் திருவிழாவுக்கு அனுமதி எடுக்காமல் ரயிலேறியதில், பீலிக்ஸ் முதல் தடவையை முடித்திருந்தான். மாதாவிடம் போகிறவனை யார் மறிப்பார்கள் என்று நினைத்தானாம்.

"தண்ணிக்குள்ள எங்க ஐயா கோடு கிடக்கு?" என்று தமிழிலேயே கேட்டிருக்கிறான். பொலிஸ்காரர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். அதில் கோடு இருந்தது.

5.

மாற்று முடிவுகள்.

அ) பொலிஸ்காரர் கருவாட்டு வாசனையில் மனமிளகி... (கருவாட்டை மணந்து மனமிளகிய ஜேர்மன்காரரை நான் கண்டதில்லை.)

ஆ) நீதிபதி வாய்விட்டுச் சிரித்து வழக்கைத் தள்ளுபடி செய்கிறார்.

இ) பீலிக்ஸை ஷோனெஃபெல்ட் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்... (இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன்.)

6.

ஒரு பாத்திரத்தை இதுவரை உங்களிடம் மறைத்துவிட்டேன். கூடாரம் இரவல் கொடுத்தவன், தீவைச் சொன்னவன். நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்த பத்து வருடத்தில் எல்லை என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனவன். "தீவும் பேர்லினுக்குள்ளதானோ அண்ணை?" என்று பீலிக்ஸ் கேட்டபோது, வரைபடம் பாராமல் "ஓம், ஓம், பயப்பிடாமல் போங்கோ" என்றவன். அவனை வேடிக்கையான ஆளாக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

எழும்பிப் போகமுன் கொறற்றி கேட்டாள்: "அண்ணை, நீங்கள் சொன்னபடியால்தான் தெரியாமல் போனனாங்கள் எண்டு ஒரு கடிதம் தந்தால் காணுமாம், லோயர் சொல்லுறார். ஒரு பக்கம். நீங்கள் எழுதுற ஆள்தானே."

என் ஜேர்மன் குடியுரிமை விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பொலிஸ் விவகாரம் எதிலும் என் பெயர் வரக்கூடாது.

"பாக்கிறன் தங்கச்சி" என்றேன்.

வழக்கு நாளை காலை ஒன்பது மணிக்கு. இரண்டு மாதமாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இதோ, ஒரு பக்கத்துக்கு மேலேயே வந்துவிட்டது. தமிழில், கையெழுத்து இல்லாமல். முடிவை வாசகரிடம் விடுவது நவீன உத்தி என்கிறார்கள். எனக்கு வசதியாக இருக்கிறது.